கடலுக்குள்ளே ஒரு காது!

சென்னீர்குப்பம் பஸ் ஸ்டாப்ல கண்ணை மூடி நின்னாலும் லாரி எது, ஷேர் ஆட்டோ எதுன்னு சொல்லிடுவீங்கதானே? கடலுக்கடியில் அந்த வேலையைச் செய்கிற மைக்தான் ஹைட்ரோஃபோன். தண்ணீரின் அழுத்தம் மாறுவதை மின் சிக்னலாக மாற்றித் தரும்.

பவளப்பாறை பக்கம் இதை இறக்கினால், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சடசடன்னு கேட்கும். எல்லாம் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டி இறாலின் சேட்டை! இடுக்கியைப் படார்னு மூடும்போது ஒரு குமிழி உருவாகி உடையும். அந்தக் குமிழி உடைகிற சத்தம்தான் அதுன்னு 2000-ல்தான் நிரூபிச்சாங்க. நடுநடுவே மீன்களின் உறுமல் வேற.

பாறை செத்துப்போனா இந்தக் கச்சேரி அடங்கிடும். சத்தத்தை வெச்சு இடம் தேடுற மீன் குஞ்சுகளின் வரவும் குறையும். ஆஸ்திரேலியாவில் செத்த பவளத் துண்டுகள் நடுவே ஸ்பீக்கர் வெச்சு, நல்ல பாறையின் சத்தத்தை ஒலிபரப்பினாங்க. 40 நாளில் மீன்கள் இரண்டு மடங்கு! 2019-ல் வெளியான ஆய்வு இது. (பவளத்துக்கு ஸ்பீக்கர் உயிர் கொடுக்காது, அது வேற விஷயம்.)

நம்ம மன்னார் வளைகுடா பவளப்பாறைகளும் 2010, 2016-ல் கடல் சூடேறி வெளுத்துப்போனவைதான். கலங்கின தண்ணியில, ராத்திரியில டைவருக்குக் கண் தெரியாது. மைக்குக்கு அந்தக் கவலையே இல்லை.

ப்ராஜெக்ட் தேடுற ஈ.சி.இ. மக்களே, கடல் ஒலியை ஆராய்கிற என்.ஐ.ஓ.டி. நம்ம பள்ளிக்கரணையிலதான் இருக்கு. தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேணும், மைக்கோட கிளம்பிடாதீங்க! டெஸ்ட் பண்ண முதல்ல மொட்டை மாடி வாட்டர் டேங்க் போதும்.