பூட்ஸ் ‘இன்வெஸ்ட்மென்ட்’ இல்லைங்க, பரண்ல கிடந்தாலும் தேயுற சொத்து

போன வீடியோவுல ஆசைச் செலவுக்குத் தனி பட்ஜெட் போடுறதைப் பற்றிப் பேசினப்போ, ட்ரெக்கிங் பூட்ஸுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைச்சது. “12,000 ரூபாய்க்கு லெதர் பூட்ஸ் வாங்கலாமா சார், அது ஒரு இன்வெஸ்ட்மென்ட்தானே?”ன்னு கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துல இருந்தும், சிறுசேரியிலயும் மகேந்திரா சிட்டியிலயும் வேலை பார்க்கிற தம்பிங்ககிட்ட இருந்தும் தொடர்ந்து கேள்வி வருது. 2024 அக்டோபர்ல வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு 40 மலைப்பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோட திறந்துவிட்டதுல இருந்து இந்த ஆசை இன்னும் கூடியிருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா ‘இன்வெஸ்ட்மென்ட்’ங்கிற வார்த்தையை மட்டும் முதல்ல எடுத்துடுவோம்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. டெர்ரி பிராட்செட்னு ஒரு ஆங்கில நாவலாசிரியர் 1993ல எழுதின நாவல்ல ஒரு போலீஸ்காரர் ஒரு கணக்கு சொல்வார். பணக்காரன் நல்ல பூட்ஸ் ஒரு தடவை வாங்கிப் பத்து வருஷம் போடுறான். ஏழை மட்டமான பூட்ஸைத் திரும்பத் திரும்ப வாங்கி, கடைசியில பணக்காரனை விட அதிகமா செலவு பண்றான், கால் மட்டும் ஈரமாவே இருக்கு. அருமையான கணக்கு. பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற எல்லாரும் இதைச் சொல்றாங்க. ஒண்ணை மட்டும் விட்டுடுறாங்க: அந்த போலீஸ்காரர் தினமும் ராத்திரி தெருத்தெருவா ரோந்து போற ஆள். நீங்க வருஷத்துக்கு எத்தனை நாள் மலை ஏறுறீங்க?

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் என் அனுமானம், உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க. 2,000 ரூபாய்க்கு ஒரு சாதாரண பூட்ஸ், 20 நாள் மலை நடைக்கு வரும்னு வைங்க. நாளுக்கு 100 ரூபாய். 12,000 ரூபாய் லெதர் பூட்ஸ், நடுவுல ஒரு தடவை 2,500 ரூபாய்க்கு சோல் மாத்தி, மொத்தம் 150 நாள் வரும்னு வைங்க. 14,500ஐ 150ஆல வகுத்தா நாளுக்கு சுமார் 97 ரூபாய். அதாவது 150 நாளும் முழுசா நடந்தாத்தான் விலையுயர்ந்த பூட்ஸ் மூணே மூணு ரூபாய் வித்தியாசத்துல ஜெயிக்குது. வருஷத்துக்கு எட்டு நாள் மலைக்குப் போறவருக்கு 150 நாள் முடிய கிட்டத்தட்ட 19 வருஷம் ஆகும்.

“ஆகட்டும் சார், லெதர் 19 வருஷம் தாங்காதா?” லெதர் தாங்கலாம். சோல் தாங்காது. இதைத்தான் கடையில யாரும் சொல்றதில்லை.

பல மலையேற்ற பூட்ஸ்ல, கீழ ரப்பருக்கும் மேல லெதருக்கும் நடுவுல பாலியூரித்தேன் நுரை ஒரு அடுக்கு இருக்கும். நடக்கும்போது மெத்துனு இருக்கிறது அதனாலதான். காற்றுல இருக்கிற ஈரப்பதம் அந்த நுரையோட வேதிப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சிட்டே இருக்கும். நீங்க போட்டாலும் நடக்கும், போடாம அட்டைப்பெட்டியில மூடி வச்சாலும் நடக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தா வேகம் கூடும். சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் மாதிரி கடலோரத்துல வெப்பத்துக்கும் பஞ்சமில்லை, ஈரத்துக்கும் பஞ்சமில்லை. பழைய ஆபீஸ் பேக், சோபா உறை எல்லாம் ஒருநாள் திடீர்னு தோல் உரிஞ்சு கொட்டுமே, கிட்டத்தட்ட அதே கதை.

வரித் தாக்கலுக்கு என்கிட்ட வர்ற ஒரு இளைஞர் அஞ்சு வருஷமா பரண்ல பத்திரமா வச்சிருந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு பர்வதமலை போனார். ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இறங்கும்போது ஒரு கால் சோல் முழுசா கழண்டுபோச்சு, பத்து நிமிஷத்துல அடுத்ததும். ஷூ லேஸையும் துண்டையும் கட்டி இறங்கியிருக்கார். கணுக்கால் சுளுக்கோட தப்பிச்சார், மூணு நாள் லீவு. மொத்தமே ஆறு தடவைதான் போட்டதா சொன்னார். 12,000 ரூபாயை ஆறால வகுத்துப் பாருங்க, ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். அந்தக் காசுக்கு ஒவ்வொரு ட்ரெக்குக்கும் ஒரு புது ஜோடி வாங்கியிருக்கலாம்.

வருமான வரியில, புதுசா வாங்கின சொத்தை அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா தேய்மானம் பாதிதான் கிடைக்கும். கடல் காற்றுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. போடாத நாளுக்கும் முழுத் தேய்மானம் எடுத்துக்கும்.

அதனால என் கருத்து இது: வருஷத்துக்கு 15 நாளுக்குக் கீழ நடக்கிறவர் லெதர் பூட்ஸ் வாங்க வேண்டாம். நல்ல பிடிமானம் உள்ள ஒரு டிரெயில் ஷூ போதும். நம்ம ஊர் மலைகள்ல பாதி நாள் வெயில், பாறை, படிக்கட்டு. லெதர் பூட்ஸுக்குள்ள கால் வெந்துடும். வெள்ளியங்கிரியை வெறுங்காலோட ஏறி இறங்குறவங்க எத்தனையோ பேர், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 15 நாளுக்கு மேல, முதுகுல பெரிய பையோட, முள்ளுக்காட்டுலயும் கல்லுலயும் போறவர்னா வாங்குங்க. வருஷத்துக்கு 25 நாள் போனா ஆறே வருஷத்துல 150 நாள் முடிஞ்சிடும், கணக்கு உங்க பக்கம். கூடவே மழைக்காலத்துல ஆபீசுக்கும் போட்டுட்டுப் போங்க. யார் என்ன நினைச்சா என்ன, பரண்ல வைக்கிறதை விட அது லாபம்.

சரி, வாங்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எதைப் பார்த்து வாங்குறது?

முதல்ல சோல் எப்படி இணைஞ்சிருக்குன்னு பாருங்க. ஒட்டினதா, வார்த்ததா, தைச்சதா? தைச்ச சோல்னா தேஞ்சதும் பிரிச்சுப் புதுசு போடலாம். சில பூட்ஸ்ல ஓரத்துல தையல் மாதிரி அச்சு மட்டும் இருக்கும், அது அலங்காரம், ஏமாந்துடாதீங்க. கடைக்காரர்கிட்ட நேரடியா கேளுங்க: “சோல் மாத்தித் தருவீங்களா, எவ்வளவு ஆகும்?” பதில் மழுப்பலா வந்தா, அது ஒரு தடவை மட்டும் வாங்குற பூட்ஸ். அதுக்கு 12,000 குடுக்காதீங்க.

அடுத்து லெதர். ‘ஜெனுயின் லெதர்’ங்கிற முத்திரை, இதுல எங்கயோ நிஜத் தோல் இருக்குங்கிறதுக்கு மேல எதுவும் சொல்லாது. தோலோட மேல் அடுக்கை இழைக்காம அப்படியே விட்டது ‘ஃபுல் கிரெய்ன்’, உறுதியானது. கீழ் அடுக்கைப் பிரிச்சு மேல பூச்சு போட்டது ‘ஸ்பிளிட்’. ‘பி.யு. லெதர்’னா தோலே இல்லை, துணி மேல பிளாஸ்டிக் பூச்சு. தோல் விஷயத்துல நாம ஒண்ணும் புதுசு இல்லை. நம்ம மாவட்டத்துலயே இருக்கிற குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியாலதான். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் படையோட பூட்ஸுக்கு மதராஸ் மாகாணத்துல பதனிட்ட தோல் போச்சு. இன்னைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில தைக்கிற ஷூ வெளிநாட்டுக் கடைகள்ல நிக்குது. செங்கல்பட்டுல இருந்து ஏலகிரி போற வழியிலதான் ஆம்பூர். ஏற்றுமதியில மிஞ்சினதை விக்கிற கடைகள் அங்க உண்டு, விலையும் குறைவு. ஆனா திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேட்டுட்டு வாங்குங்க. அது ஐரோப்பியர் காலுக்குச் செஞ்ச அச்சாவும் இருக்கும்.

அச்சுன்னதும் அளவுக்கு வருவோம். எனக்கு இதுதான் விலையை விடப் பெரிய விஷயம். அடையாறுல இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க காலை அளந்தாங்க. பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளை விட நம்ம கால் பொதுவா அகலம்னு தெரிஞ்சது. அதுக்காக ‘பா’ன்னு நமக்கே ஒரு அளவுமுறையைப் பரிந்துரைச்சிருக்காங்க. நாம இதுவரைக்கும் என்ன பண்றோம்? அகலத்துல இறுக்குதேன்னு நீளத்துல ஒரு நம்பர் கூட்டி வாங்குறோம். அப்போ குதிகால் உள்ள ஆடும். ஏறும்போது குதிகால்ல கொப்புளம், இறங்கும்போது கால் முன்னால சரிஞ்சு கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். அதனால நம்பரைக் கூட்டாம அகலமான அச்சு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அந்த மாடலையே விட்டுடுங்க, தள்ளுபடி எவ்வளவா இருந்தாலும்.

கடைக்குச் சாயங்காலம் போங்க, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போற தடிமனான சாக்ஸைக் கையோட கொண்டுபோங்க. லேஸ் கட்டுறதுக்கு முன்னாடி காலை முன்னால தள்ளினா, குதிகாலுக்குப் பின்னால ஒரு விரல் நுழையணும். லேஸ் கட்டின பிறகு விரல்கள் உள்ள அசையணும், குதிகால் தூக்கக் கூடாது. படிக்கட்டுல பத்து தடவை இறங்கிப் பாருங்க. இறங்கும்போது விரல் முன்னால இடிச்சா, “போடப் போட சரியாயிடும் சார்”னு சொல்றதை நம்பாதீங்க. போடப் போட லெதர் அகலத்துல கொஞ்சம் இளகும், நீளம் கூடாது. ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது, பெரிய காலுக்குப் பார்த்து வாங்குங்க. ஆன்லைன்ல வாங்கினா வீட்டுக்குள்ளயே ரெண்டு மணி நேரம் நடந்து பார்த்துட்டு, திருப்பி அனுப்புற கெடுவுக்குள்ள முடிவு பண்ணுங்க.

இந்தப் பக்கம் நிறைய பேர்கிட்ட கம்பெனி குடுத்த சேஃப்டி ஷூ இருக்கு. “அதுவும் லெதர்தானே, ஓசியில கிடைச்சது”ன்னு மலைக்குப் போட்டுட்டுப் போறாங்க. வேண்டாம். அந்த ஷூவோட முன்பக்கத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கச் செஞ்சது, மேலேருந்து கனமான பொருள் விழுந்தா விரல் தப்பிக்க. இறக்கத்துல உங்க விரல் அந்த வளையாத தொப்பியிலதான் போய் இடிக்கும்.

புது பூட்ஸைப் பழக்க, கோட்டைக்குப் பக்கத்துல கடற்கரையில நடக்கலாமேன்னு தோணும். உப்புத்தண்ணி லெதரை வறட்டி விரிசல் விடவைக்கும், லேஸ் வளையம் துரு ஏறும். அதிகாலையில திருக்கழுக்குன்றம் ரோட்டுல நடங்க. உப்பு பட்டுட்டா நல்ல தண்ணி நனைச்ச துணியால துடைச்சு, உள்ள செய்தித்தாள் திணிச்சு, நிழல்ல காயவிடுங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க. மலைக்குப் போற ஒரு வாரத்துக்கு முன்னாடி சோலை ரெண்டு கையால வளைச்சுப் பாருங்க. நுரையில விரிசலோ பொடியோ தெரிஞ்சா அந்த ஜோடி வீட்டுலயே இருக்கட்டும்.

கடைசியா காசு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜோடி 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5%, அதுக்கு மேல 18%. நீங்க குடுக்கிற 12,000ல சுமார் 1,830 ரூபாய் வரி. ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யும் வேண்டாம். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. கடைக்காரர் வட்டித் தொகையைத் தள்ளுபடியாக் கழிக்கிறார், ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி.யும் பல இடங்கள்ல ப்ராசஸிங் கட்டணமும் உங்க தலையிலதான். அதுக்குப் பதிலா மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. பணம் சேர்ற அந்த ஒரு வருஷம் சாதாரண ஷூவிலயே நடந்து, எத்தனை நாள் போனீங்கன்னு போன்ல குறிச்சு வைங்க. பன்னிரண்டாவது மாசம் அந்த எண் 15ஐத் தாண்டியிருந்தா கடைக்குப் போகலாம். ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ. கணக்கை வரி, கட்டணம் எல்லாம் பிரிச்சு அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டுறேன்.