இரண்டு டாலர் டிராகன்

பசிபிக் கடலில் நியுவே என்றொரு குட்டித் தீவு. மக்கள் தொகை 2,000-ஐத் தொடாது. அங்கே கடைத்தெருவில் புழங்குவது நியூசிலாந்து டாலர்தான். ஆனால், நியுவே பெயர் பொறித்த வெள்ளி நாணயங்கள் உலகெங்கும் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன!

அதில் தனி மவுசு, சீன ராசி நாணயங்களுக்கு. எலியில் தொடங்கி பன்றி வரை 12 விலங்குகள், ஆண்டுக்கு ஒன்று. (ஐந்து பூதங்களோடு சேர்த்தால் சுற்று முடிய 60 ஆண்டுகள். நம் பிரபவ, விபவ கணக்கும் அதே 60!)

தீவில் நாணயச்சாலை கிடையாது. வெளிநாட்டு நாணயச்சாலைகள் அச்சடித்து விற்கும். பெயரைத் தந்ததற்காகத் தீவு அரசுக்கு உரிமைத்தொகை போகும். இவ்வளவு சிறிய ஊருக்கு இது லாபமான ஏற்பாடுதான்.

வாங்குபவர் கதை வேறு. ஒரு அவுன்ஸ் நாணயத்தில் 31.1 கிராம் வெள்ளி. அதன் முகமதிப்பு பெரும்பாலும் 2 டாலர். 'சட்டப்படி செல்லும்' என்ற வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு. அழகான பெட்டி, சான்றிதழ், குறைந்த எண்ணிக்கை என்று விலை ஏறும். விற்கப் போனால், சேகரிப்பாளர் கிடைக்காதவரை வெள்ளி எடைக்குத்தான் காசு.

பிறந்த குழந்தைக்குப் பரிசாக வாங்குவோர் தேதியையும் பார்க்க வேண்டும். 2024 டிராகன் ஆண்டு தொடங்கியது பிப்ரவரி 10-ல். அந்த ஜனவரியில் பிறந்த குழந்தை டிராகன் அல்ல, முயல்!