ஹீரோ சிகரெட் பிடித்தால் கீழே எச்சரிக்கை... குழந்தைகள் மனதில் பதிவது எது?

படத்தில் ஹீரோ சிகரெட்டைப் பற்ற வைத்தால் போதும், திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் வந்துவிடும். தியேட்டர் படங்களுக்கு 2012ல் கட்டாயமான இந்த நடைமுறை, 2023 செப்டம்பர் 1 முதல் ஓடிடி தளங்களுக்கும் வந்தது. ஆனால் அந்த வரியை யாருங்க படிக்கிறாங்க?

இந்தக் கேள்விக்கு 60 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஆய்வில் விடை இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1961ல் 72 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். சில குழந்தைகளின் கண்முன்னே ஒரு பெரியவர் 'போபோ' என்ற காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், திட்டினார். பிறகு அதே பொம்மை கிடைத்ததும், அந்தக் குழந்தைகளில் பலர் அவர் செய்ததை அப்படியே செய்தார்கள். திட்டிய வார்த்தைகள்கூட மாறவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

விஷயம் இதோடு முடியவில்லை. 1965ல் இதையே படமாகக் காட்டினார்கள். ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பரிசு. இன்னொரு குழுவுக்குக் காட்டிய படத்தில் தண்டனை. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். அப்பாடா என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். "பார்த்ததைச் செய்து காட்டினால் ஜூஸ், ஸ்டிக்கர் தருகிறோம்" என்றதும், மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின! அதாவது, தண்டனை செய்வதைத்தான் தடுத்தது. கற்றதை அழிக்கவில்லை.

இப்போது சினிமாவுக்கு வருவோம். ஹீரோவின் சிகரெட்டுக்குக் கிடைப்பது ஸ்லோ மோஷன், பின்னணி இசை, விசில். குழந்தையின் கண்ணுக்கு அது பரிசுதான். 2002ல் ரஜினியின் 'பாபா' வந்தபோது, சிகரெட் காட்சிகளை எதிர்த்து பாமக போராடியது பலருக்கும் நினைவிருக்கும். அதை வெறும் அரசியலாகப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் படங்களில் வரும் புகைக்காட்சிகள் இளம் வயதினரைப் புகைக்கத் தூண்டுகின்றன என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2012ல் திட்டவட்டமாகச் சொன்னது.

ஓடிடி விதிப்படி எச்சரிக்கை வரி மட்டும் போதாது. படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வு வீடியோவும் காட்ட வேண்டும். ஆனால் ரசிகர்கள் வெட்டிப் போடும் ரீல்ஸுக்கு இந்த விதி கிடையாது. அதில் விழிப்புணர்வு வீடியோவும் இருக்காது. போன் ஸ்கிரீனுக்கு ஏற்ப வெட்டும்போது, பல நேரம் கீழே இருந்த அந்த ஒரு வரியும் போய்விடுகிறது.