தூக்கிப் போடுமுன்...



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டதும், எல்லோரையும் போல நானும் வேலையில்லாத் திண்டாட்டம், இளைஞர் சக்தி என்றுதான் யோசித்தேன். தெரியாததைப் பற்றி முழங்குவதைவிட, தெரிந்த ஒரு மேசையைப் பற்றி எழுதலாம் என்று பிறகு தோன்றியது. சிரிக்காதீர்கள். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மர மேசையோடு என்ன வேலை என்று கேட்பவர்கள், முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். அப்பா பழைய வீடுகளைப் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இழைத்திருப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்காளிகள் ஊருக்கு ஒருவராகப் போய்விட, பராமரிக்க ஆளில்லாமல் சில வீடுகள் பிரித்து விற்கப்படுகின்றன. தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும். அப்படி ஒரு வீட்டில் இரண்டு நாள் கூலிக்குப் பதிலாக அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு கணக்குப்பிள்ளை மேசை. தரையில் சம்மணம் போட்டு எழுதுகிற சாய்வு மேசை. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பேரேடு வைக்க இடம். யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் பச்சை எனாமல் பெயிண்ட்டை அப்பியிருந்தார். சாய்வாக இருப்பதால் மேலே எதை வைத்தாலும் சரியும். அதனால் எட்டு வருடமாக எங்கள் வீட்டில் அதற்குள் வெங்காயம்தான் கிடந்தது.

போன வருடம் ஒரு நாள் மூலையில் பெயிண்ட் பெயர்ந்து, உள்ளே தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. அது தெரிந்த மறு வாரமே ஒரு வியாபாரிக்கும் தெரிந்துவிட்டது! வாசலில் நின்றபடியே ஆறாயிரம் தருகிறேன் என்றார். ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம்.

"படிக்கிற பிள்ளை இருக்கு, மேசையை வித்துட்டு எங்க வச்சு எழுதும்?" என்றார் அம்மா.

"இம்புட்டு நாளா எங்க வச்சு எழுதுச்சு?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான்.

அப்பத்தா மட்டும் வேறு மாதிரி சொன்னார். "அதை வித்துத் தொலைங்கடா. அந்த மாதிரி மேசைக்கு முன்னாடி உங்க தாத்தா கையைக் கட்டிக்கிட்டு நின்னுருக்காரு. கைநாட்டு வச்சுருக்காரு. ஒரு நாளும் ஒக்காந்ததில்ல."

அதைக் கேட்ட பிறகுதான் விற்கவே கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதன் முன்னால் உட்கார்ந்து எழுத எனக்கு உரிமை உண்டு என்று வாதம் செய்தேன். அப்பா பதில் பேசவில்லை. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி ஃபீஸைக் கட்டினார். அந்தக் கடன் கழிய நாலு மாதம் ஆனது. நான் பிடிவாதம் பிடித்தது சரியா என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

சரி, மேசைக்கு வருகிறேன். பச்சையைச் சுரண்டி எடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். எங்கள் தெருவில் தச்சு வேலை செய்த ஆசாரித் தாத்தா ஒருவர் இருக்கிறார். காஸ்டிக் சோடா ஊற்றினால் உடனே வந்துவிடும் என்று ஒரு நண்பன் சொன்னதை அவரிடம் சொன்னேன். "ஊத்து. தேக்கு கரிக்கட்டையாட்டம் ஆகும், வஜ்ஜிரம் விட்டுக் கால் தனியா நிக்கும்" என்றார். ஆகவே பெயிண்ட் ரிமூவர் தடவி, முனை மழுங்கிய தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டை வீட்டுக்குள் உலர்வாகத் தேய்த்தால், அந்தத் தூசி குழந்தைகளின் வயிற்றுக்குள் போகும். வெளியே வேப்ப மரத்தடியில், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தேன். உண்மையில் துணி போதாது, நல்ல முகமூடி வேண்டும். வழித்ததைத் தாளில் சேர்த்துக் கட்டி எடுத்தேன். தோட்டத்தில் கொட்டவில்லை.

பிறகு உப்புத்தாள். கரடான இடத்தில் 80, அப்புறம் 120, 180, கடைசியில் 220. "குறுக்க தேய்க்காத தம்பி, நரம்பு போற பக்கமே போ" என்று தாத்தா திண்ணையிலிருந்தே கத்துவார். நான் கேட்கவில்லை. இடது ஓரத்தில் குறுக்குக் கீறல் இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பாலீஷுக்கு அரக்குதான் என்று முடிவாயிற்று. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி கொடுக்கிற பொருள் அது. அதன் செதில்களை ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுத்துவிடும். அப்பாவின் பழைய வேட்டித் துணியில் பஞ்சை வைத்து உருட்டி, தொட்டுத் தொட்டு மெல்லிசாக இழுத்தேன்.

அவசரப்பட்டு ஐப்பசி மழையில் செய்ததுதான் தப்பு. காலையில் பார்த்தால் பலகை முழுதும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை! அழுகையே வந்துவிட்டது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ஆவியாதல் பற்றி நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவன். தாத்தாவோ வானத்தைப் பார்த்தே "இன்னிக்கு வேணாம்"னு முதல் நாளே சொன்னவர். தை மாதம் நல்ல வெயிலில் ஸ்பிரிட் துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் வெள்ளை போய்விட்டது.

நண்பர்களே, முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் நாம் எல்லோரும் ஹாஃப் லேப் ஜாயின்ட் போட்டோம். எத்தனை பேர் சொந்தக் கையால் போட்டோம் என்பது நமக்கே தெரியும். மார்க் வாங்கியதும் உளியை மறந்தாயிற்று. நம்மில் பலருடைய அப்பாக்கள் கைவேலைக்காரர்கள். அவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கும் இருந்தது. பசை எங்கே விட்டிருக்கிறது என்று பலகையைத் தட்டிப் பார்த்தே அப்பா சொன்ன அன்றுதான் அது போயிற்று.

வசதி இல்லாமல் விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நாங்களே விற்றிருப்போம். வசதி இருந்தும் தேக்கு மேசையை எடைக்குப் போட்டுவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேசையைத் தவணையில் வாங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் பட்டால் அது ஊதிவிடும். ஒரு முறை கழற்றிய திருகாணி மறுமுறை பிடிக்காது. தேக்கைச் சுரண்டி மறுபடி புதுசாக்கலாம், அதை என்ன செய்வது?

அதற்காக எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கச் சொல்லவில்லை. மேல்பலகையில் ஒரு மைக்கறை உண்டு. 80 நம்பர் தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தால் போயிருக்கும். விட்டுவிட்டேன். யார் பெயரில் என்ன தொகை எழுதும்போது சிந்திய மையோ!

அப்பத்தா ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டுப் போனார்.

இப்போது அதில் என் தங்கை பத்தாம் வகுப்புப் பாடம் எழுதுகிறாள். சூடான டம்ளரை வைத்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை. எனக்கு இடமும் தருவதில்லை. இந்தக் கட்டுரையை வாசற்படியில் உட்கார்ந்துதான் எழுதினேன்.