அருவிக்கு மேலேயும் கீழேயும்

ஆனி பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழுந்தால் போதும். மதுரை, சிவகாசி, ராஜபாளையம், தூத்துக்குடி என்று தெற்கே ஊர் ஊராக ஒரே விசாரிப்புதான்: "குத்தாலத்துல தண்ணி விழுதா?" விழுகிறது என்று தெரிந்ததும் வேன் பேசுகிறோம். சனிக்கிழமை மாலை கிளம்பி, பிரானூரில் பரோட்டா சாப்பிட்டு, ஊர் அடங்கும் நேரத்தில் பேரருவிக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் தலையைக் கொடுக்கிறோம். பல அருவிகளில் பொழுது சாய்ந்தால் ஆளை வெளியேற்றிவிடுவார்கள். குற்றாலம் நமக்கு இரவையும் கொடுத்தது. நம் பாட்டன் காலத்திலிருந்து கொடுத்து வருகிறது.

அந்த இரவை நாம் எப்படி நடத்தினோம் என்பதைப் பேச வேண்டியிருக்கிறது. அரசைக் குறை சொல்லி, பேரூராட்சியைக் குறை சொல்லி, விடுதிக்காரர்களைக் குறை சொல்லி நிறையப் பேசிவிட்டோம். அவர்கள் பங்கு இருக்கட்டும். வந்து தங்கிப் போகிற நம் பங்கை யாரும் கேட்காததால் நாமும் சொல்லாமலே இருந்துவிட்டோம்.

நம் பெரிய குற்றம் இது: அருவி விழும் இடத்தை மட்டும் பார்த்தோம். திரிகூட மலையில் எங்கோ காட்டுக்குள் ஊறி, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து பொங்கி, அதன் பிறகுதான் சிற்றாறு பேரருவியாக நம் தலைமேல் விழுகிறது. விழுந்த பிறகும் அது ஆறுதான். தென்காசி வழியாகப் போய், அணைக்கட்டுகளில் தேங்கி வயலுக்குப் பாய்ந்து, கங்கைகொண்டானைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. இந்த நெடிய ஆற்றில் நாம் நின்றது சில கஜ தூரம். அந்தச் சில கஜத்துக்கு மேலே என்ன நடக்கிறது, கீழே யார் இருக்கிறார்கள் என்று நாம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மேலே பார்க்காததன் விலை நமக்குத் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் சிதறி ஓடினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சீசன்கூடத் தொடங்காத கோடை நாள் அது. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் நாம் எல்லோரும் பார்த்தோம், ஒருவருக்கொருவர் அனுப்பினோம், ஐயோ என்றோம். அடுத்த மாதம் சாரல் தொடங்கியதும் மறுபடி வேன் ஏறினோம்.

மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் இயல்பு அது. மேலே காட்டில் கொட்டும் மழை அடிவாரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. சரிவு செங்குத்து, ஓடிவரும் தூரமோ குறைவு. ஆகவே பெருகும் தண்ணீர் சில நிமிடங்களில் வந்துசேரும். பகலிலாவது தண்ணீரின் நிறம் மாறுவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் கண்ணில் படும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே மலை முழுக்க ஒரே கறுப்பு. இரவில் குளிக்கிறவன் கண்ணை ஆற்றிடம் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறான். அவனுக்குப் பதிலாகப் பார்க்கிறவர் கரையில் நிற்கும் காவலர் ஒருவர்தான். பேரருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறது. 'தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுது' என்றால் இறங்கக் கூடாது என்பது குற்றாலத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. அந்த நேரத்தில் காவலர் விசில் ஊதி, "அண்ணாச்சி, தண்ணி கூடுது, வெளிய வாங்க" என்று கத்தும்போது நாம் என்ன சொன்னோம்? "சார், ரெண்டே நிமிஷம். மதுரையிலேருந்து வந்திருக்கோம் சார்." எத்தனை தொலைவு கடந்து வந்தோம் என்பது ஆற்றுக்கு ஒரு பொருட்டா? அவர் நனைந்த காக்கிச் சட்டையோடு, தூக்கம் கெட்ட கண்ணோடு, ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தடை போட்ட நாளில் பேருந்து நிலையத்தில் நின்று வசை பாடியவர்களும் நாம்தான்.

கீழே பார்க்காததன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்; அதனால் அதை நாம் இன்னும் எளிதாக மறந்தோம்.

முன்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ போட்டுக் குளித்தார்கள். அப்போது வந்த கூட்டமும் சிறிது. பிறகு ஷாம்புப் பொட்டலம் வந்தது. பல்லால் கடித்துக் கிழித்து, தலையில் பிதுக்கிவிட்டு, பொட்டலத்தைக் காலடியிலேயே விட்டுவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருவர் விட்டது ஒரு பொட்டலம்தான். சீசன் இரவு ஒன்றில் அந்த வரிசையில் எத்தனை தலைகள்! எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் அருவியில் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. குளிக்கிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைக்கு நாம் வந்தோம். தெரிந்த பிறகும் துண்டுக்குள் சோப்பை ஒளித்துக்கொண்டு போனோம். பகலில் சோதனை இருக்கும், ராத்திரி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நமக்குள் சொல்லியும் கொண்டோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்தது 2019 ஜனவரி 1 முதல். நம் வேன்களில் பாக்கு மட்டைக்குப் பதிலாக இன்றைக்கும் ஏறுவது பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுதான்.

பேரருவி விழும் பாறையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர், தண்ணீர் வற்றிய நாட்களில் ஏறி நின்று, அந்த நீரையே வழிபாடாக நினைத்துச் செதுக்கியவை. அந்தப் பாறையின் இடுக்கில்தான் நாம் சோப்புத் துண்டைச் செருகி வைத்தோம்.

அதே நீர்தான் தென்காசிக்குக் கீழே வயலுக்குப் போகிறது. மாடு குடிக்கிறது, பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். சீவலப்பேரி வரை அந்தக் கரையில் வாழ்கிற ஒருவர் முகத்தையாவது நாம் பார்த்ததுண்டா? நாம் தங்கும் அறையின் கழிவறைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்டதுண்டா? வாடகையைக் கேட்டோம், வெந்நீர் உண்டா என்று கேட்டோம், ஜன்னலிலிருந்து அருவி தெரியுமா என்றும் கேட்டோம். ஒரு சிறிய பேரூராட்சி, சீசன் சனிக்கிழமையில் தன் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு பேரின் குப்பையையும் கழிவையும் ஒரே இரவில் தாங்க வேண்டியிருக்கிறது என்பது நம் எண்ணத்திலேயே இல்லை.

விடியற்காலையில் அங்கே போய் நின்றவர்களுக்கு அந்த இரவின் மிச்சம் தெரியும். ஈரத் துணிகள், வாழையிலை, பிரியாணிப் பொட்டலம், எண்ணெய்ப் புட்டி, உடைந்த மதுப்புட்டி. கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குப் போகிற வழியில் குளித்துவிட்டுத் துணியை அங்கேயே விட்டுச் செல்பவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் வாரித் தள்ளுவண்டியில் ஏற்றும் தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடிச் சில்லைக் கையால் பொறுக்குகிறார்கள். நாம் அவர்களைத் தாண்டித்தான் காலைக் குளியலுக்குப் போகிறோம். "அக்கா, இதையும் எடுத்துக்கோங்க" என்று கையிலிருந்த காகிதக் கோப்பையை அவர் வண்டியில் போட்டுவிட்டு, நல்லது செய்த நிறைவோடு நடந்தவர்கள் நம்மில் பலர்.

நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்த இரவு முழுதாகக் கிடைக்கவில்லை. இதை ஆண்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் கும்பலாகக் கிளம்பிப் போய்க் குளித்தவர்கள் ஆண்கள். பெண்கள் அறையில் பிள்ளைகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் குளித்துவிட்டு வந்து அசந்து தூங்கியபின், கூட்டமும் குடித்தவர்களும் கலைந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, விடிவதற்கு முன் நாலு மணிக்கு எழுந்து ஒருவரையொருவர் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். உடை மாற்றும் அறைக்கு வரிசையில் நின்றார்கள். பலர் ஈரச் சேலையோடு அறைவரை நடந்தே வந்தார்கள். அருவிக்கரையில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டவன் வேறு யாரோ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் வேனில் வந்த தம்பிதான் அவன். நாம் அவனை அதட்டவில்லை. சீசனுக்குத்தானே வந்திருக்கிறான், போகட்டும் என்று விட்டோம்.

குரங்குகளைக் கெடுத்தவர்களும் நாமே. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு இந்த மலையை நினைத்தால் குரங்குகளும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. காட்டுப் பழம் தின்று வாழ்ந்த குரங்குகள். சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிப் படம் எடுத்து, மனிதன் கையில் இருப்பது தன் தீனி என்று அவற்றுக்குப் பழக்கினோம். பிறகு ஒன்று வந்து பையைப் பறித்ததும் கல்லெடுத்தோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரவு தங்குவதே ஓர் ஊரை அறிவதற்குத்தான். ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்தவர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வந்தார்கள். பகலில் குளியல், பிறகு கம்பன், பேச்சு, சாப்பாடு என்று அவர் வீட்டில் விருந்தினர் பொழுது போனது. அருவியையும் தமிழையும் சேர்த்தே அனுபவித்த ஒரு தங்கல் அது. அதற்கு வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது? நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை நாம் தங்கும் அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆடவல்லான் ஓவியமாக இருக்கிறான். சுவர்கள் முழுக்கப் பழைய வண்ணங்கள். தென்பாண்டி நாட்டில் ஒரு பகல் முழுக்க நின்று பார்க்கத் தகுந்த இடங்களில் அதுவும் ஒன்று என்பேன். ஆண்டுதோறும் குற்றாலம் வந்தும் அந்தக் கதவைத் தாண்டாதவர்கள் நம்மில் ஏராளம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அருவிகள் மூடப்பட்டபோது, "இந்த வருஷம் குத்தாலம் போச்சே" என்று வருந்தினோம். சீசன் மூன்று மாத வருமானத்தை நம்பி ஏலம் எடுத்துக் கடை போடுகிறவர்கள், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையில் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தார்கள்? வழக்கமாக நாம் பழம் வாங்கும் அம்மா இப்போதும் அதே இடத்தில் இருக்கிறாரா? விலை பேசத் தெரிந்த அளவுக்கு நாம் அவர் பேரைத் தெரிந்துகொள்ளவில்லை.

இதையெல்லாம் எழுதுவது, யாரும் போகாதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. வெயிலில் வெந்த தென்மாவட்டத்துக்கு அந்த நீர் வேண்டும். தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் நூற்பாலையிலும் ஆறு நாள் உழைத்த உடம்புக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டும். கட்டணமில்லாமல் ஏழையும் பணக்காரனும் ஒரே பாறையடியில் நின்று குளிக்கும் இடங்கள் நாட்டில் அதிகமில்லை. நம் அலட்சியத்தால் இரவுக் குளியலுக்கே ஒருநாள் நிரந்தரத் தடை வந்தால், முதலில் இழப்பவர்கள் நீச்சல்குளம் உள்ள விடுதியில் அறை எடுக்க முடியாதவர்கள்தான்.

ஆகவே இந்தச் சீசனுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சோப்பையும் ஷாம்புவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த நீர் விழுகிற வேகத்துக்கு அவை தேவையே இல்லை. விசில் கேட்டதும் பேசாமல் வெளியே வாருங்கள், பக்கத்தில் நிற்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு சாக்குப்பை கொண்டுபோய் உங்கள் குப்பையை உங்கள் வேனிலேயே ஊருக்குத் திரும்ப எடுத்து வாருங்கள். ஒரு ராத்திரியாவது ஆண்கள் அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பெண்களை முதலில் அனுப்புங்கள். உங்களோடு வந்தவன் குடித்துவிட்டு அருவிக்குக் கிளம்பினால் அவனைத் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான். அறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விடுதிக்காரரிடம் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் தங்காதீர்கள்.