காபிக்கு முன்னால், பாலுக்குப் பின்னால்

காலையில் பல் விளக்காமல் காபி குடிப்பவரை நம் வீடுகளில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே "பல் தேய்ச்சாச்சா?" என்று கேள்வி வந்து விழும். ராத்திரி அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிரியாணியும் அதன்மேல் ஒரு குலாப் ஜாமூனும் தின்றுவிட்டு, இரண்டு தடவை கொப்பளித்துத் துப்பிவிட்டுப் படுக்கலாம். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பல் விளக்குவது நமக்குக் காபிக்கு முன்னால் கழிக்க வேண்டிய ஓர் ஆசாரம். பல்லைக் காப்பாற்றுகிற வேலை என்று நினைத்திருந்தால், படுக்கப் போகுமுன் அல்லவா அதை முதலில் செய்திருப்போம்?

வாய்க்குள் நடப்பது சிக்கலான விஷயமில்லை. சோறோ பிஸ்கட்டோ மிட்டாயோ, மாவும் சர்க்கரையும் பல்லில் ஒட்டினால், அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலம் கக்கும். பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பகலில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பதால் அமிலம் நீர்த்துப்போகும். கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு எனாமலில் திரும்பப் படியும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். விடிகாலையில் வாய் நாறுவதற்கும் முக்கியக் காரணம் அதுதான். அந்த ஏழெட்டு மணி நேரம் பல்லுக்குக் காவல் இல்லை. காலையில் எழுந்து நுரை பொங்கத் தேய்த்தால் வாய் மணக்கும். ராத்திரி நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

இதில் அதிகம் அடிபடுவது குழந்தைகள். பாட்டிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் என் மகள் பல் தேய்த்துவிட்டு வந்து படுத்த பிறகுதான் சர்க்கரை போட்ட பால் டம்ளர் வரும். "அத்தை, இப்பத்தான் தேய்ச்சுட்டு வந்தா" என்றால், "ஏம்மா, வெறும் வயித்தோடயா பிள்ளை தூங்கும்?" என்பார். கடைசியில் பாலை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிச் சமாதானம் ஆனோம். வாயில் பால் புட்டியோடு தூங்கும் கைக்குழந்தைகளின் நிலைமை இன்னும் மோசம். மேல் முன்பற்கள்தான் முதலில் பழுப்பேறிக் கரையும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொண்டிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிக்கும்.

"விழுந்து முளைக்கப்போற பல்தானே" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. பாலுக்கடுத்த கெடுதல் இந்தப் பேச்சுதான். ஆறு வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் யாருக்கும் தெரியாது. மேலே இரண்டு, கீழே இரண்டு. நான்குமே நிரந்தரப் பற்கள், போனால் போனதுதான். செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், மேற்பரப்பில் ஆழமான கோடுகள் ஓடும். பிரஷின் இழை எட்டாத அந்தப் பள்ளத்தில்தான் சொத்தை தொடங்கும். முளைத்த கையோடு போனால் பல் மருத்துவர் அந்தக் கோடுகளின் மேல் சீலண்ட் பூசி மூடிவிடுவார். பால் பற்களிலும் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை. அதற்குள் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணலாகும். ஏழெட்டு வயதுவரை ராத்திரியில் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். குழந்தையின் பின்னால் நின்று, தலையை நம் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் வாய் முழுவதும் தெரியும்.

பெரியவர்கள் கதை வேறு. வேப்பங்குச்சிக் காலத்துத் தாத்தாக்கள் நுனியை மென்று நார் நாராக்கி, கசப்பு இறங்க இறங்க ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, கடைசியில் குச்சியை இரண்டாகக் கிழித்து நாக்கை வழித்து முடிப்பதற்குள் வாய்க்கால் கரைவரை போய் வந்துவிடுவார்கள். குச்சியின் மகிமை பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அந்தப் பொறுமைதான் பெரிசு. இன்று கெட்டியான பிரஷை வாங்கி, பாத்திரம் தேய்ப்பதுபோல அரை நிமிடம் இழுக்கிறோம். ஈறு கீழிறங்கி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்து, ஐஸ் வாட்டர் பட்டாலே கூசும். மிருதுவான பிரஷை, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, இரண்டு நிமிடம் மெல்ல அசைத்தால் போதும். புகையிலை கலந்த பல்பொடி இல்லாமல் காலைக்கடன் கழியாது என்றிருந்தவர்களும் உண்டு. 1992-ல் பேஸ்ட்டிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்க அரசு தடை போட்டது, நல்ல வேளை.

பேஸ்ட்டில் விளம்பரம் சொல்லும் உப்பையும் கிராம்பையும் விட்டுவிட்டு, ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் உச்ச வரம்பு 1000 பிபிஎம். பல மூலிகை பேஸ்ட்டுகளில் அது இருப்பதில்லை. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகமாகி, பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை ஏறிய கதை தெரிந்ததே. அதற்காகவே வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்தப் பக்கத்தார் குழந்தையின் பேஸ்ட்டை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. மற்றவர்கள் தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்கக் கூடாது. ஃபுளோரைடு ராத்திரி முழுக்கப் பல்லில் இருக்கட்டும். நம்மவர்களுக்கு இதைவிடச் சிரமமான காரியம் கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீர் தீர்ந்து, நாக்கு வழிக்கும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டால்தான் பல் விளக்கிய திருப்தி.

ஈறில் ரத்தம் வந்தால் பிரஷைத் தள்ளி வைப்பது இன்னொரு வழக்கம். ரத்தம் வருவது பெரும்பாலும் அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான், விட்டால் கூடும். தங்கித் தங்கிக் காரையாக இறுகியதை வீட்டில் எடுக்க முடியாது. க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் வேண்டாம். ஈறு நோயால் ஏற்கெனவே பிடிப்புத் தளர்ந்த பல்லைக் காரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறும் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்கைக் கழற்றி, முருங்கைக்காய் நாரைக் குத்தி எடுப்பவர்களைக் கல்யாணப் பந்திகளில் இன்றும் பார்க்கலாம். ஈறு கிழியும் என்பது ஒரு பக்கம். தினமும் ஒரே இடத்தில் சிக்கினால், பெரும்பாலும் அந்த இடுக்கில் சொத்தை இருக்கிறது அல்லது அடைத்த சிமென்ட் பெயர்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மாமி, அப்படிச் சிக்கி வலித்த பல்லில் ஒரு வாரம் கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை வைத்தார். அதிலுள்ள யூஜெனால் வலியை மரக்கச் செய்யும், சொத்தையைத் தொடாது. எட்டாம் நாள் "தானா நின்னுடுச்சு பாரு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். உள்ளே நரம்பு செத்தாலும் வலி நின்றுவிடும். அப்புறம் சீழ் எலும்புக்கு இறங்கும். அன்றைக்கே அவரைச் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கிளப்பினேன். "வலியே இல்லையே, எதுக்குடி?" என்று ஆட்டோவில் போகும்போதும் கேட்டுக்கொண்டே வந்தார்.