படத்தில் தெரியாத காயம்

இராணுவப் பணி முடிந்து சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கிராமமொன்றுக்குத் திரும்பும் சிப்பாய்க்குத் தீராத தலைவலியும் மறதியும் திடீர்ச் சினமும் இருப்பின், ஊரார் அதனைக் குணக்கோளாறு என்பர். என்றோ வெடித்த குண்டின் அதிர்வோ, மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்ததோ எவருடைய நினைவுக்கும் வருவதில்லை.

கருவிகளுக்குக் குறைவில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையம் உள்ளது. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949 ஆம் ஆண்டிலேயே நரம்பியல் துறையைத் தொடங்கினார். ஆனால் சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமேயன்றி, லேசான மூளைக் காயத்தைப் பெரும்பாலும் காட்டாது. 2018 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பெற்ற இரத்தப் பரிசோதனையும் அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் செய்யத்தக்கது. ஸ்கேன் தேவையா என்று தீர்மானிக்கவே அது உதவும். ஆண்டுகள் கழித்து வருபவருக்கு அதனாற் பயனில்லை. 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தின்மீது ஏவுகணைகள் விழுந்தபோது, எவருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு மூளைக் காயம் கண்டறியப்பட்டது.

எனவே நோய் நிர்ணயத்தின் அடிப்படை, வினவுதலே ஆகும். அரைமணி நேரம் வரை நினைவிழத்தல், ஒரு நாள் வரை நினைவில் இடைவெளி, அடிபட்டவுடன் திகைப்பு ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் லேசான காயத்தை ஐயுற இடமுண்டு. இங்கே மொழியும் ஒரு தடை. தமிழில் 'மயக்கம் வந்ததா?' என்றால், தலைசுற்றலை எண்ணி ஒருவர் ஆம் என்பார். நினைவு தப்பியதை எண்ணி மற்றொருவர் இல்லை என்பார். அடிபடுமுன் கடைசியாக நினைவிலிருப்பது யாது, பின்னர் முதலில் நினைவுக்கு வருவது யாது என்று வினவுவதே தக்கது. தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கிலேயே வினவ வேண்டும். மனைவியோ தாயோ உடனிருத்தல் நன்று. மறதியை வீட்டாரே முதலில் காண்பர்.

களப்பணியாளரும் ஆசிரியரும் நோயை நிர்ணயிக்க வேண்டியதில்லை. கேட்டதை நாள், இடம், உடனிருந்தோர் விவரத்துடன் எழுதி மருத்துவரிடம் அனுப்பினாற் போதும். உடற்கேடு பணியினால் விளைந்ததா என்பதே ஊன ஓய்வூதியத்திலும் முதற்கேள்வி. அதற்கு விடைகூற முற்படும் குடும்பத்தார் கையில் பெரும்பாலும் இயல்பான ஸ்கேன் படம் ஒன்றே இருக்கிறது.